கட்டுரை எழுதுறது ஒரு வேலை இல்லை, நாலு வேலை

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு "நீர் மேலாண்மை" என்று ஒரு பக்கக் கட்டுரை வீட்டுப்பாடம். டியூஷனில் வழக்கமாக என்ன நடக்கும்? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பு போட்டு, டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும். அரை மணி நேரத்தில் வேலை முடிஞ்சுடும். பிழை இருக்காது, மார்க்கும் விழும். அடுத்த வாரம் வேறு தலைப்பு வந்தால் அதே பிள்ளை மறுபடியும் வெறும் தாளோடு வந்து உட்காரும்.

பிள்ளைக்கு விஷயம் தெரியலை என்றுதான் நாம் நினைக்கிறோம். பல சமயம் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர்கள் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும், எழுதும்போது மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அதைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 1981ல் வந்த அவர்களுடைய கட்டுரை எழுத்தை மூன்று வேலைகளாகப் பிரிக்கிறது: என்ன சொல்வது என்று யோசிப்பது, அதை வாக்கியமாக்குவது, எழுதியதைத் திரும்பப் பார்ப்பது. இவை வரிசையாக வருவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும். பழகியவர்கள் சமாளிப்பார்கள். புதுசாக எழுதும் பிள்ளை திணறும்.

தமிழ்ப் பிள்ளைக்கு நாலாவதாக ஒன்றும் உண்டு. பேசுற தமிழ் வேற, எழுதுற தமிழ் வேற. மனசில் "தண்ணி இல்ல" என்று வருவதைத் தாளில் "தண்ணீர் இல்லை" என்று மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்திலேயே யோசனை அறுந்து போகும்.

அப்படியானால் உதவுவது எப்படி? டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை இணைத்து ஒரு பிரமிடு கட்டணும். பக்கத்தில் சொல்லித்தர ஒருவர். குழந்தையால் முடிந்ததைக் குழந்தையே செய்ய விடணும், சிக்கினால் மட்டும் உதவணும் என்பது அவருக்கான விதி. இந்த மாதிரி உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் கட்டடத்துக்குக் கட்டுகிற 'சாரம்'. சாரம் சுவர் இல்லை. சுவர் எழும்பினதும் பிரித்துவிடுவது.

கட்டுரைக்கு இதைப் பொருத்தினால், நாலு வேலையில் ஒரு நேரத்துக்கு ஒன்றை மட்டும் பிள்ளையிடம் கொடுக்கணும்.

முதலில் பேச்சு. "உங்க ஊர்ல தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேளுங்கள். "எங்க கண்மாய்ல தண்ணியே இல்ல மிஸ், நாங்க அதுல கிரிக்கெட் ஆடுறோம்" என்று பதில் வரலாம். ஏன் இல்லை என்று கேட்டால், "வாய்க்கால்ல வீடு கட்டிட்டாங்க" என்று வரலாம். கட்டுரைக்கு வேண்டியது இதிலேயே இருக்கு. ஒரு பிரச்சினை, அதற்கு ஒரு காரணம்.

அடுத்து, பிள்ளை பேசினதைப் பேசின தமிழிலேயே துண்டு துண்டாகக் குறிக்கட்டும். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். அதற்குப் பிறகு வரிசை: எது முதல், எது அடுத்து? அதன் பிறகுதான் எழுத்துத் தமிழ். ஒரு வாக்கியத்தை நீங்கள் மாற்றிக் காட்டலாம், மீதியைப் பிள்ளை மாற்றணும். ஒற்று, சந்தி, ரகர றகரம் எல்லாம் கடைசி. சிவப்புப் பேனாவை முதல்லயே எடுத்தால், பிள்ளை பிழை வராத சின்ன வாக்கியமாகப் பார்த்து எழுதும், யோசிக்கிறதை விட்டுடும்.

கட்டுரை முன்பு போல அழகாக இருக்காது. "காசு கொடுத்து அனுப்புறோம், இப்படி எழுதியிருக்கானே" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொல்லிக்கொடுத்து எழுதின கட்டுரையைத் திருத்துகிற பள்ளி ஆசிரியருக்குப் பிள்ளை எங்கே தடுமாறுது என்று தெரியாமலே போயிடும். சொன்னது டியூஷன் டீச்சரா, கைடா, செயற்கை நுண்ணறிவா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

சாரம் பிரிகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் கட்டுரைக்கு நீங்கள் பத்துக் கேள்வி கேட்டிருந்தால், மூன்றாவதுக்கு ஐந்து போதும் என்றாகணும். ஒருநாள் நீங்கள் கேட்கும் முன்பே, "மிஸ், இதுக்குக் காரணம் என்னன்னு எழுதணும்ல?" என்று பிள்ளையே கேட்கும். அன்றைக்கு அந்தக் கேள்வி பிள்ளையுடையதாக ஆகிவிட்டது.