சிலந்தியின் வழக்கு

சிலந்தியைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடுவது நம்மவர் வழக்கமாயிருக்கிறது. வீட்டு மூலையில் நூலாம்படை படிவது சோம்பலுக்கு அடையாளமாதலால், அதை நீக்குவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வீட்டில் பழகிய வெறுப்பை வயலுக்கும் கொண்டுபோய், அங்குள்ள சிலந்திகளையும் விசாரணையின்றிக் கொன்று குவிப்பது வேறு விஷயம். எந்தப் பிரதிவாதிக்கும் தன் பக்கத்தைச் சொல்லிக்கொள்ள உரிமையுண்டு. வாயில்லாத இந்த ஜந்துவின் பொருட்டு நாம் சில வார்த்தைகள் சொல்லத் துணிகிறோம்.

முதலாவது, சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு, சிலந்திக்கு எட்டு. சாஸ்திரிகள் பெயரிட்டுப் பதிந்த சிலந்தி வகைகளின் தொகை 2022-ஆம் ஆண்டில் 50,000-ஐத் தாண்டிவிட்டது. இவையனைத்தும் நூல் நூற்கும். ஆனால் அனைத்தும் வலை கட்டுவதில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் ஜீவனோபாயம் வேறுபடுகிறது.

வட்ட வலை கட்டும் சிலந்தியின் வேலையைப் பாருங்கள். முதல் இழையைக் காற்றில் மிதக்கவிட்டு, அது எதிர்க்கிளையில் பற்றியதும் அதையே பாலமாகக் கொள்ளுகிறது. பின்பு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் இழைகளை இழுத்துக் கட்டுகிறது. அதன்மேல், கொத்தன் சாரம் கட்டுவதுபோல, ஒட்டாத இழையால் ஒரு தற்காலிகச் சுருளைச் சுற்றுகிறது. முடிவில் வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கிப் பசையுள்ள இழையை இட்டுக்கொண்டே, சாரத்தைப் பிரித்துக்கொண்டு வருகிறது. பழைய வலையைத் தின்று, அந்தச் சத்தைக்கொண்டே புதிய வலை கட்டும் சிலந்திகளும் உண்டு. இதனினும் சிக்கனமான நெசவாளியை நாம் அறியோம்.

சிலந்தி என்றால் விஷம் என்று அஞ்சுவோர் மற்றொரு குடும்பத்தைக் கவனிக்கவேண்டும். வட்ட வலை கட்டுவோரிலேயே உலோபோரிடே என்னும் குடும்பத்தாருக்கு விஷப்பையே கிடையாது. இரையை நூலால் இறுகச் சுற்றியே அவை அடக்குகின்றன.

சிலந்திகளிற் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. தம்மினத்தையே தின்னத் தயங்காதவை. ஆயினும் இந்தியாவின் வறண்ட பிரதேசங்களில் முட்செடிகளின்மேல் கூட்டுக் குடித்தனம் நடத்தும் ஓரினம் உண்டு. நூற்றுக்கணக்கானவை ஒரே கூட்டில் வசித்து, ஒரே வலையைக் காத்து, பெரிய இரையைப் பலர் சேர்ந்து வீழ்த்துகின்றன. தாயானது தான் உண்டதைக் கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. கடைசியில் தன் உடலையே அவற்றுக்கு உணவாகக் கொடுத்துவிடுகிறது.

ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தாரிற் பெரும்பாலாருக்கு வலை இல்லை. ஓடிப்பிடித்தே உண்கின்றன. தாய் முட்டைப் பையைப் பின்புறத்தில் ஒட்டிச் சுமக்கிறது. பொரித்தபின் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிறது.

இனி வழக்கின் சாரத்துக்கு வருவோம். நெல்வயலில் ஒரு சிலந்தி இலைகளுக்கிடையே வட்ட வலை விரிக்கிறது. மற்றொன்று தூரடியில் சிறு வலை கட்டுகிறது. ஓநாய்ச் சிலந்தியோ நீரின்மீதும் ஓடி வேட்டையாடுகிறது. இவை தின்பவற்றில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானும் ஒன்று. கண்மூடி மருந்து தெளித்தால், வெளியில் நடமாடும் சிலந்தி மடிகிறது. இலையுறைக்குள் இடப்பட்ட புகையானின் முட்டையோ தப்புகிறது. அது பொரித்து வெளிவரும்போது வயலில் காவலன் இல்லை.

இது வெறும் யூகமன்று. புகையானால் பெருநஷ்டமுற்ற இந்தோனேஷியாவின் அரசாங்கம் 1986-ஆம் ஆண்டில் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடுத்துவிட்டது. மருந்துக்கு அளித்துவந்த உதவித்தொகையையும் அடுத்த சில வருஷங்களில் நிறுத்தியது. வயலை நேரிற் பார்த்து, தீயது எத்தனை, அதைத் தின்பது எத்தனை என்று எண்ணி முடிவுசெய்யும்படி விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்தது.

மருந்தே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. தெளிக்குமுன் குடியானவர் வயலில் இறங்கி, தூரை விலக்கிப் பார்க்கட்டும். அங்கே சிலந்திகள் நிறைந்திருந்தால், மருந்துக்காக அவர் வாங்க இருக்கும் கடனைச் சற்று ஒத்திவைக்கலாம். கூலி கேளாமல் காவல் காப்பவனைக் கொன்றுவிட்டு, கடன்பட்டு வேறு காவல் தேடுவது விவேகமாகாது.