மருந்து ஊறிய மண்ணை மீட்பது எப்படி?

ஹைதராபாத்தின் வடமேற்கே உள்ள பட்டான்செரு, மருந்து மூலப்பொருள் தயாரிப்புக்குப் பேர்போன தொழிற்பேட்டை. அங்கே ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்து. கழிவுநீர் சேரும் நீரோட்டத்தின் அடிவண்டலில் மருந்துகளும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களின் எதிர்ப்பு மரபணுக்களும் நிறைந்திருப்பதை 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

கரிம நஞ்சு கலந்த மண்ணை நுண்ணுயிர்களே சுத்தம் செய்யும் என்பது பழகிய வழி. எண்ணெய் சிந்திய நிலத்தைக் கிளறி, காற்றும் ஈரமும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்தால் பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்று பெருகும். டெரி (TERI) ஆய்வு நிறுவனத்தின் ‘ஆயில்ஜாப்பர்’ இப்படி உருவான பாக்டீரியாக் கலவைதான். பட்டான்செருவில் இந்த வழி அப்படியே செல்லாது. துப்புரவுக்கு வரவேண்டிய பாக்டீரியாவையே அங்குள்ள நஞ்சு கொல்கிறது. போதாக்குறைக்கு, சிப்ரோஃப்ளாக்சசின் களிமண்ணோடு இறுகப் பிணைந்துகொள்வதால் வெறும் நீரில் எளிதில் கழுவவும் முடியாது. இங்கே பூஞ்சைகளை நாடுவதில் நியாயம் இருக்கிறது. இந்த மருந்து தாக்குவது பாக்டீரியாவின் நொதியை, பூஞ்சை தப்பித்துக்கொள்ளும். மரத்தை மட்கச் செய்யும் குளோயோஃபில்லம் ஸ்ட்ரையேட்டம் என்ற பூஞ்சை இம்மருந்தைச் சிதைப்பது 1990களிலேயே ஆய்வகத்தில் நிரூபணமானது. ஆய்வகக் குடுவையில் நடப்பது வயலில் அதே வேகத்தில் நடக்காது என்பது உண்மைதான். ஆயினும், நஞ்சுக்கேற்ற உயிரைத் தேட வேண்டும் என்ற பாடம் அதனால் பொய்யாகிவிடாது.

தோண்டியெடுத்துச் சுட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். கடும் வெப்பத்தில் மருந்து மூலக்கூறு அழியும். நஞ்சு செறிந்த சிறு இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் மட்குச்சத்தும் மண்ணுயிர்களும் சேர்ந்தே அழியும்; ஓடைப்படுகை முழுவதையும் சுடுவது கட்டுப்படியாகாது. தோண்டிய மண்ணைப் பாதுகாப்புக் குழியில் புதைத்தாலோ, நஞ்சு இடம் மாறுமே தவிர ஒழியாது. காலமும் வெயிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் சரியல்ல. சூரிய ஒளி இந்த மருந்தைச் சிதைக்கும், ஆனால் மேற்பரப்பில் மட்டுமே. அதற்குள் எதிர்ப்பு மரபணுக்கள் பாக்டீரியாவோடு சேர்ந்து பெருகிவிடும். மற்ற நஞ்சுகள் பலவற்றுக்கு இல்லாத ஆபத்து இது.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கழிவை ஆலையிலேயே நிறுத்த வேண்டும், அடுத்து எங்கே எந்த நஞ்சு என்று அளக்க வேண்டும், பிறகுதான் வழியைத் தேர வேண்டும். மாசுபட்ட இடங்களைச் சீரமைக்கும் செலவை மாசுபடுத்தியவர் ஏற்க வேண்டும் என்று 2025 ஜூலையில் மத்திய அரசு விதிகளை அறிவித்துள்ளது. கழிவு நிற்காதவரை, எந்தப் பூஞ்சையும் எந்த உலையும் அந்த மண்ணை மீட்காது.