இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் சகோதரிக்கு

தெஹிவளையில் காலி வீதிகூட அடங்கிவிட்டது. வீட்டார் உறங்க, நீங்கள் மட்டும் வயிற்றைப் பிடித்தபடி மூன்றாந்தடவையாகக் கழிவறைக்குப் போய் வருகிறீர்கள். "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்பார் மாமி. உள்ளதுதான். ஆனால் பொறுக்க வேண்டியது எது, சொல்ல வேண்டியது எது என்று தெரிய வேண்டாமா?

28 வாரங்களுக்குப் பின் ஒருக்களித்தே படுங்கள். விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதறாதீர்கள். திரும்பிப் படுத்தால் போதும். இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லையா? இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், கிளினிக்கில் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்குகிறோமே, அந்தத் தேநீர்தான் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது!

பிள்ளை பிறந்தால் கதை வேறு. பச்சைப்பிள்ளைக்கு இரவு பகல் பிடிபட ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை அழுவது உங்கள் பால் போதாமல் அல்ல. அதன் வயிறு சின்னது. பால் நீங்கள் கொடுங்கள். ஏப்பம் எடுக்கவும் துணி மாற்றவும் பிள்ளையின் வாப்பாவுக்கும் முடியும். நாற்பதுக்குள் பிள்ளை பார்க்க வருவோருக்குத் தேநீர் ஊற்றுவது உங்கள் வேலையல்ல, அந்நேரம் படுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். பிள்ளை உறங்கியும் உங்களுக்கு உறக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, இரண்டு வாரமாகியும் மாறவில்லை என்றால் வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எழுந்தால் அன்றே களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாள் இலங்கையிலும் பயன்படுகிறது. கேள்விகள் பத்துத்தான். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பக்கத்தில் மாமி இருந்தால், அவரைச் சற்று அடுப்படிக்கு அனுப்பிவிட்டு.