கணக்கில் விட்டுப்போனவர்கள்

உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யார் யார்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

எண்ணி விட்டீர்களா? இப்போது இன்னொரு முறை எண்ணுங்கள். கால் சூம்பிய அண்ணனைச் சேர்த்தீர்களா? காது கேட்காத அக்காவை? கண் தெரியாத தாத்தாவை?

பங்காருபாளையம் பக்கத்து ஊர்களில் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவோம். வீட்டுக்காரர்கள் எல்லோர் பெயரையும் சொல்வார்கள். திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

"இவர் பெயரைச் சொல்லவில்லையே, பெரியம்மா?"

"அவனுக்கு எதுக்குக் கண்ணு படிப்பு? வீட்டுல சும்மா கிடக்கிறவன்தானே."

எதற்குப் படிப்பு? இதற்குப் பதில் எளிது. ஊனமுற்றவர்களுக்கு ஆந்திர அரசு மாதந்தோறும் பென்ஷன் தருகிறது. 3,000 ரூபாயாக இருந்த பென்ஷன் 2024 ஜூலையில் 6,000 ரூபாய் ஆனது. பணம் அவர் பெயரில் வருகிறது. கைநாட்டு அவருடையது. ஆனால் பணத்தை எண்ணுவது யார்? பல வீடுகளில் வேறொருவர்தான் எண்ணுகிறார். தன் பணம் எவ்வளவு என்று தெரியாமல் ஒருவர் வாழலாமா?

சட்டமும் இவர்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் 18-ஆம் பிரிவு முதியோர் கல்வியைப் பற்றியது. மற்றவர்களுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிகளும் முதியோர் கல்வியில் சேர வேண்டும். அதற்கு அரசும் பஞ்சாயத்தும் வழி செய்ய வேண்டும். பிரிவு இவ்வளவுதான் சொல்கிறது. ஆகவே வகுப்புக்கு வருவது அவர்களுக்கு நாம் போடும் பிச்சை அல்ல. அது அவர்கள் உரிமை.

முதலில் காலைப் பற்றிப் பேசுவோம். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது 2011 ஜனவரியில். 2014-இல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. இதை இன்னொரு விதமாகவும் பாருங்கள். இன்று போலியோவால் கால் சூம்பியிருப்பவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆட்கள். சிறு வயதில் பள்ளிக்கு நடக்க முடியாமல் நின்றுபோனவர்கள் அவர்களில் பலர். நம் வகுப்பு யாருக்காக? அவர்களுக்காகவும்தானே?

ஆனால் வகுப்பு எங்கே நடக்கிறது? கோயில் மண்டபத்தில். மண்டபத்துக்கு ஏழு படி, எட்டுப் படி. கைப்பிடி கிடையாது. இரவில் விளக்கும் சரியாக இருக்காது. பிறகு, "கூப்பிட்டோம், வரவில்லை" என்கிறோம்! அவரால் வர முடியவில்லை என்றால் வகுப்பு அவரிடம் போகட்டும். அவர் வீட்டுத் திண்ணையிலேயே வகுப்பு நடத்தலாம். மற்றவர்களுக்கு நடக்கக் கால் இருக்கிறது.

இப்படி வீட்டில் நடந்த ஒரு வகுப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது. அதை நடத்தியவர் கே.வி. ராபியா. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம், திரூரங்காடி அருகே வெள்ளிலக்காடு அவர் ஊர். 1966-இல் பிறந்தார். பதினான்கு வயதில் போலியோ அவர் கால்களை முடக்கியது. கல்லூரிப் படிப்பும் பாதியில் நின்றது. சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை.

1990-இல் கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் வேகமாக நடந்தது. ராபியா தன் வீட்டில் வகுப்புத் தொடங்கினார். ஏறக்குறைய நூறு பேர் படிக்க வந்தார்கள். பாட்டிகளும் வந்தார்கள், பேத்திகளும் வந்தார்கள். அந்த ஊருக்கு அப்போது நல்ல சாலை கிடையாது. படித்தவர்களும் ராபியாவும் சேர்ந்து அதிகாரிகளிடம் கேட்டார்கள். சாலை வந்தது. அதற்கு அட்சர சாலை என்று பெயர். அட்சரம் என்றால் எழுத்து. 2022-இல் ராபியாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 மே 5 அன்று அவர் காலமானார்.

நாம் ராபியாவைப் படிக்க வைப்பதைப் பற்றி யோசிக்கிறோம். அவரோ ஊரையே படிக்க வைத்தார். உங்கள் தெருவிலும் கால் முடியாத, ஆனால் பத்தாவது படித்த ஒரு பெண் இருக்கலாம். அவரிடம் போய், "எங்களுக்குச் சொல்லிக் கொடு பாப்பா" என்று கேட்டிருக்கிறீர்களா?

அடுத்தது காது. காது மந்தமானவரிடம் கத்திப் பேசாதீர்கள். கத்தினால் வாய் கோணும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. அவரை முன்னால் உட்கார வையுங்கள். சொல்லிக் கொடுப்பவர் முகத்தில் விளக்கு வெளிச்சம் விழ வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள்.

பிறவியிலேயே கேட்காதவருக்கு "அ, ஆ" என்று ஒலி சொல்லிப் பயன் இல்லை. உப்பு டப்பாவில் "உப்பு" என்று எழுதி ஒட்டுங்கள். பொருளைக் காட்டுங்கள், எழுத்தைக் காட்டுங்கள். வீட்டில் அவரோடு என்ன கைச்சாடை பேசுகிறார்களோ, அதையே நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

காதை விடக் கண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். வகுப்பிலிருந்து பலர் நின்றுபோவது இதனால்தான். அது ஊனம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

"எனக்கு மண்டையில ஏறல கண்ணு. எழுத்தைப் பார்த்தா எறும்பு ஊருற மாதிரி இருக்கு."

"ஊசியில் நூல் கோக்க முடியுதா பெரியம்மா?"

"அது முடியாம அஞ்சு வருஷம் ஆச்சு. பேத்திதான் கோத்துக் குடுப்பா."

இது மண்டைக் கோளாறு அல்ல. வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குள் இருக்கும் லென்சு இளமையில் வளைந்து கொடுக்கும். வயதானால் இறுகிவிடும். அதனால் தூரத்தில் வரும் பஸ் தெரியும். கையில் இருக்கும் புத்தகம் தெரியாது. மாங்காய் மண்டியில் கொடுக்கும் எடைச் சீட்டை எட்டப் பிடித்துப் பார்ப்பவர்களைக் கவனியுங்கள். அவர்களுக்கு இதுதான்.

இதற்கு மருந்து வேண்டாம். ஒரு கண்ணாடி போதும். அஸ்ஸாமில் நாற்பது வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. கண்ணாடி போட்டவர்களின் வேலை, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. கொழுந்து பறிக்கவே அப்படி என்றால், எழுத்துக் கூட்டிப் படிக்க எவ்வளவு உதவும்! ஆனால் சந்தையில் கண்டதை வாங்கிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். புரை விழுந்திருந்தால் கண்ணாடி உதவாது. அதற்கு ஆபரேஷன் செய்ய வேண்டும்.

முற்றிலும் கண் தெரியாதவர் என்ன செய்வார்? அவருக்கும் எழுத்து உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல். மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண் போனது. பிறகு மற்றக் கண்ணும் போனது. 1824-இல், பதினைந்து வயதில், ஆறே புள்ளிகளில் எல்லா எழுத்தையும் அடக்கிவிட்டார். விரலால் தடவிப் படிக்கலாம். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெய்ல் முறை வந்தது. அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தமிழ் "க"வுக்கும் தெலுங்கு "க"வுக்கும் புள்ளிகள் ஒன்றே. நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம். பஸ் பலகையில் தெலுங்கு பார்க்கிறோம். கண் தெரிந்த நமக்கு இரண்டு எழுத்து. அவர்களுக்கு ஒரே எழுத்து.

பிரெய்ல் சொல்லிக் கொடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும். அது கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். பணம் எண்ணச் சொல்லிக் கொடுக்கலாம். இப்போதைய 100 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் நான்கு நான்கு கோடுகள் மேடாக இருக்கும். 500 ரூபாய் நோட்டில் ஐந்து ஐந்து. நோட்டு புதிதாக இருந்தால் விரலுக்கு நன்றாகத் தெரியும். பழைய நோட்டில் கோடு தேய்ந்திருக்கும். அப்போது நீளத்தைப் பார்க்க வேண்டும். 500 ரூபாய் நோட்டு 100 ரூபாய் நோட்டைவிடச் சற்று நீளம்.

கையெழுத்தும் போடலாம். முதலில் அவர் பெயரைப் புளியங்கொட்டையால் பலகையில் ஒட்டுங்கள். அவர் விரலைப் பிடித்துத் தடவ வையுங்கள். பத்து நாள் தடவட்டும். பிறகு மணலில் எழுதட்டும். அதன் பிறகு ஒரு கெட்டி அட்டையை எடுங்கள். நடுவில் மூன்று அங்குல நீளம், அரை அங்குல அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டுங்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் அந்தச் சன்னலை வையுங்கள். இடது கை விரல் சன்னல் ஓரத்தில் இருக்கட்டும். வலது கையில் பேனா. கோடு தாண்டாமல் எழுத்து உள்ளேயே விழும். அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், பென்ஷன் வாங்கும் நாளில் வேண்டும்.