கணினியின் இயக்க முறைமை

நெசவாளர் சங்கம் ஒன்றில் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, கூலிப் பட்டுவாடாவின் கடைசி ஏழு பதிவுகள் கணினியில் காணப்படவில்லை. “பதிவு செய்துவிட்டேன், ஐயா, அதற்குப் பிறகுதான் மின்சாரம் நின்றது” என்றார் குமாஸ்தா. நான் முதலில் நம்பவில்லை. ஆனால் அங்கத்தினர் கையொப்பமிட்ட கூலிச் சீட்டுகள் ஏழும் அவரிடம் இருந்தன. இது எவ்வாறு நேரக்கூடும் என்பதை அறிய, இயக்க முறைமை செய்யும் வேலையை அறிதல் வேண்டும்.

நாம் கணக்கெழுதும் செயலி யந்திரத்தை நேராக ஆள்வதில்லை. இரண்டிற்கும் இடையே விண்டோஸ், லினக்ஸ் போன்றதோர் இயக்க முறைமை நிற்கிறது. ரசீது அச்சாகும்போதே இருப்புப் பட்டியலும் திரையில் தெரிவது எப்படி? மையச் செயலகத்தின் நேரத்தை மிகச் சிறு கூறுகளாக்கி, வேலைகளுக்கு மாற்றி மாற்றி இது அளிக்கிறது. இவ்வாறு பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961-ல் செய்து காட்டினர். ஒரு செயலியின் நினைவிடத்தில் மற்றொன்று புகாமல் காப்பதும் இதன் பொறுப்பே.

நமக்கு முக்கியமானது வட்டில் எழுதும் வேலை. வட்டு, நினைவகத்தைக் காட்டிலும் மிக மெதுவானது. ஆகையால் ‘பதிவு செய்க’ என்றவுடன் இயக்க முறைமை அதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, சில விநாடிகள், சிலவேளை அரை நிமிஷம் கழித்தே வட்டில் சேர்க்கிறது. இடையில் மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளது அழிந்துபோகும். உடனே வட்டில் எழுதுமாறு செயலி கட்டளையிட முடியும். நன்கு அமைந்த கணக்குச் செயலிகள் அவ்வாறே செய்கின்றன. மேற்படி சங்கத்தில் இருந்தது சாதாரணப் பட்டியல் கோப்பு.

பேரேட்டுக்கு முன் நாள்வழியில் எழுதுவது நம் வழக்கமல்லவா? விண்டோஸ் என்.டி. 1993-லும், லினக்ஸ் 2001-லும் இம்முறையை வட்டுக்கு மேற்கொண்டன. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தனியே குறித்துக்கொள்வதால், இடையூறு நேர்ந்தாலும் கோப்புகளின் அமைப்பு சிதைவதில்லை. ஆனால் வட்டை எட்டாத பதிவை அது மீட்டுத் தராது.

அச்சங்கத்தில் யு.பி.எஸ். இல்லாமலில்லை, அதில் மாட்டப்பட்டிருந்தது மின்விசிறி! அதைக் கழற்றிக் கணினியை இணைத்தோம். மின்சாரம் நின்றதும் கோப்பை மூடி, திரையிலுள்ள கட்டளை வழியாகவே கணினியை நிறுத்தும்படி குமாஸ்தாவிடம் கூறினேன். ஏழு சீட்டுகளையும் அன்று மாலையே திரும்பப் பதிந்தார்.