நீந்தத் தெரிந்த அணில் ஏன் மூழ்குகிறது?

நாய்க்கும் பூனைக்கும் எலிக்கும் முயலுக்கும் யாரும் நீச்சல் கற்றுக்கொடுப்பதில்லை. தண்ணீரில் விழுந்துவிட்டால் காலை அடித்துக்கொண்டு மூக்கை மேலே வைத்துக்கொள்ள அவற்றுக்குத் தெரியும். அணிலும் அப்படித்தான். தவளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படியிருக்க, சிமெண்டுத் தொட்டிகளிலும் பண்ணைக்குட்டைகளிலும் நீச்சல் குளங்களிலும் இவை செத்து மிதப்பது ஏன்?

ஆழம் காரணமல்ல. நீந்தும் அணிலுக்கு நான்கு அடி ஆழமும் ஒன்றுதான், நாற்பது அடி ஆழமும் ஒன்றுதான். காரணம் கரையில் இருக்கிறது.

ஏரிக்கரையைப் பாருங்கள். மண் சரிவு, அதில் புல், கோரை, கல். தண்ணீர் குடிக்க இறங்கிய முயல் இறங்கிய வழியே ஏறிப் போய்விடும். இப்போது எங்கள் கல்லாவிப் பக்கத்துத் தோப்புகளில் வெட்டப்படும் பண்ணைக்குட்டை ஒன்றைப் பாருங்கள். நீர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் இருக்க, சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பியிருப்பார்கள். நம் ஊர்க் கோடைக்கு இது மிகவும் வேண்டிய ஏற்பாடு; அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விரிப்பு ஓர் இயற்பியல் கணக்கை மாற்றிவிடுகிறது.

சாய்தளத்தில் நிற்கும் பொருளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது. சாய்வைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் பொருள் வழுக்கத் தொடங்கும். அந்தக் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பே உராய்வுக் கெழு என்பது நீங்கள் படித்ததுதான். பாசி படிந்த ஈரப் பிளாஸ்டிக்கிற்கும் பாதத்திற்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுமார் 17 பாகைக்கு மேல் சாய்ந்த பரப்பில் நிற்க முடியாது. குட்டையின் சரிவோ ஒன்றரை அடி கிடைமட்டத்திற்கு ஓர் அடி உயரம் என்றாலே 34 பாகை வந்துவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்று என்று வெட்டினால் 45 பாகை. பிராணி ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு முயற்சியும் அதன் பலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

இந்தக் கணக்கில் நிறை எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது. கெழு ஒன்றே என்றால் நூறு கிராம் அணிலுக்கும் மூன்று டன் யானைக்கும் வழுக்கும் கோணம் ஒன்றுதான்!

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பலகையில் பாலிதீன் தாளைச் சுற்றி நனைத்து, அதன்மேல் ரப்பர் துண்டு ஒன்றை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ரப்பர் நகரும் கணத்தில் முனையின் உயரத்தைக் கிடைமட்ட நீளத்தால் வகுத்தால் கெழு கிடைக்கும். பிறகு தாளின்மேல் நனைந்த சாக்குத் துணியைக் கட்டி மீண்டும் செய்து, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். உயிருள்ள பிராணிக்குச் சாக்கு இன்னும் அதிகமாக உதவும். நகம் இழைக்குள் கோத்துக்கொள்வதால், அங்கே வெறும் உராய்வை நம்பியிருக்க வேண்டியதில்லை.

நீச்சல் குளத்திலும் தொட்டியிலும் சுவர் செங்குத்து. அங்கே ஆர்க்கிமிடீசும் கணக்கில் சேர்கிறார். நீரில் இருக்கும்வரை பிராணியின் எடையை மிதப்பு விசை ஏறக்குறைய முழுவதும் தாங்கிக்கொள்கிறது. உடல் வெளியே வர வர அந்தத் தாங்கல் குறைகிறது. கடைசியில் தன் எடையோடு உரோமத்தில் ஊறிய நீரின் எடையையும் சேர்த்து, முன்னங்கால்களால் மட்டுமே தூக்க வேண்டும். உந்துவதற்குக் காலடியில் தரை இல்லை. விளிம்பு ஒரு சாண் உயரத்தில் இருந்தாலும் எட்டாக்கனிதான்.

குளிரும் எதிரிதான். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்திற்குப் பரப்புக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம் 6. பத்து சென்டிமீட்டர் கனசதுரத்திற்கு அது 0.6. உடல் சிறியதானால் வெப்பம் விரைந்து வெளியேறும். நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த எலிக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு.

தவளைக்குமா இந்தக் கதி? ஆம். வளர்ந்த தவளைக்கு நுரையீரல் உண்டு. ஓய்வெடுக்க இடம் வேண்டும். மரத்தவளை விரல்நுனி வட்டுகளால் சுவரில் ஒட்டி ஏறிவிடும். தேரைக்கு அந்த வசதி இல்லை.

யானைக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 2020 நவம்பரில், பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் பஞ்சப்பள்ளி அருகே ஒரு யானை விவசாயக் கிணற்றில் விழுந்தது. பல மணி நேரப் போராட்டத்திற்குப் பின் கிரேன் கொண்டு உயிரோடு தூக்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் வேறு வழியைக் கையாண்டார்கள். யானை விழுந்த கிணற்றில் பம்பு வைத்து நீரை நிரப்பினார்கள். நீர் மட்டம் உயர உயர யானையும் மிதந்து மேலே வந்தது. வெட்டிவைத்த சரிவின் வழியே வெளியேறியது. அரைத் தொட்டி நீரில் தத்தளிக்கும் அணிலுக்கும் இது பொருந்தும். கை எட்டவில்லையா? குழாயைத் திறந்து விளிம்புவரை நிரப்புங்கள்.

நிரந்தர ஏற்பாட்டுக்குச் செலவு அதிகமில்லை. தேங்காய் நார்க் கயிற்றில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிடலாம். சாக்குகளைப் பட்டையாகத் தைத்துச் சரிவில் விரிக்கலாம். ஓலையோடு கூடிய தென்னை மட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தாலும் போதும். எதுவானாலும் கீழ்முனை நீருக்குள் ஓர் அடியாவது இறங்கியிருக்க வேண்டும். கல்லைக் கட்டி அமிழ்த்துங்கள். அப்போதுதான் மிதப்பு விசை தாங்கிக்கொண்டிருக்கும்போதே பிராணி கால் ஊன்றி, எடையைச் சிறிது சிறிதாகத் தன்மேல் ஏற்றிக்கொள்ள முடியும். நீர்மட்டத்தோடு முடிந்துவிடும் ஏணி பயனற்றது. மேல்முனை விளிம்பைத் தாண்டித் தரையில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

எங்கே வைப்பது? விழுந்த பிராணி பெரும்பாலும் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தும். ஆகவே ஏணியும் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் மிதக்கும் பலகை அதன் வழியில் வராது. குட்டையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று இருந்தால் நல்லது. அமெரிக்காவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் கால்நடைத் தொட்டிகளுக்குள் சுவரை ஒட்டிக் கம்பிவலைச் சரிவுகளைப் பொருத்துகிறார்கள். நீர் அருந்த வந்து விழும் வெளவால்களும் பறவைகளும் அவற்றில் தொற்றி ஏறுகின்றன. நம் பழைய கிணறுகளில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள் மனிதனுக்காக வைத்தவை. அவற்றின் இடைவெளி ஓணானுக்கு எட்டாது. படிக்குப் படி ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் அந்தக் குறை தீரும்.

ஓசூர்ப் பக்கப் பண்ணை வீடுகளில் நீச்சல் குளம் இருந்தால், இரவில் விளக்கை அணைத்துவிடுவது நல்லது. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும்.

ஓர் எச்சரிக்கை. வழுக்கும் கோணம் உங்களுக்கும் அதுதான். விரிப்பிட்ட குட்டைச் சரிவில் நீங்களாக இறங்காதீர்கள். கயிறு கட்டும் வேலையைப் பெரியவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். விழுந்தது பாம்பானால் நீண்ட கழியைச் சாய்த்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பெரிய விலங்கானால் தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்கு 101-இல் சொல்லுங்கள். பங்குனி, சித்திரையில் நீர்மட்டம் இறங்கும்போது, கட்டிய கயிறு இன்னும் நீரைத் தொடுகிறதா என்று வாரம் ஒரு முறை எட்ட நின்று பாருங்கள்.