தாளத்தைத் தொடரும் கருவி

தோ பாயோவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே சுவரில்லாத திறந்த தளம் உண்டு. திருமண விருந்துகளும் அங்கே நடப்பதுண்டு. அத்தகைய இடத்துக்கு வரும் டிஜே, மடிக்கணினியைச் சுமக்காமல் ஒரே கருவியோடு வரவே விரும்புவார். அவ்விருப்பம் ஓரளவு நிறைவேறிவிட்டது. 2020இல் வெளிவந்த டெனன் 'பிரைம் கோ' மின்கலத்திலேயே சுமார் 4 மணி நேரம் இயங்கக்கூடியது.

தீராத குறை தாளத்தில் இருக்கிறது. இக்கருவிகள் பாட்டை ஆராய்ந்து, தட்டு விழும் இடங்களுக்கு ஒரு கட்டம் வகுத்துக்கொள்கின்றன. வேகம் மாறாது, தட்டு நான்கு நான்காய் வரும் என்பதே பெரும்பாலும் அவற்றின் கணக்கு. கணினியில் ஆக்கிய நடன இசைக்கு இது சரி. 1960களின் திரைப்பாட்டோ, வாத்தியக்காரர்கள் கூடி வாசித்துப் பதிந்தது. உணர்ச்சி ஏறினால் வேகமும் சற்றே ஏறும். கட்டம் விலகிப்போகும். குத்துப்பாட்டின் திஸ்ர நடையில், மும்மூன்றாய் வரும் சிறு தட்டுகளை எண்ணி வேகத்தையே பிழையாகக் காட்டுவதும் உண்டு.

மாறும் வேகத்தைத் தொடரும் ஆய்வுமுறை 'ரெக்கார்ட்பாக்ஸ்' என்னும் கணினி மென்பொருளில் இருக்கிறது. ஆனால் அதை முன்கூட்டியே செய்து வரவேண்டும். விருந்தில் ஒரு பாட்டி திடீரென்று தம் காலத்துப் பாட்டைக் கேட்டால்? அந்த நொடியிலேயே, கணினித் துணையின்றி, கருவியே தாளத்தைத் தொடர வேண்டும் என்பதுதான் தேவை. அதுவரை டிஜே தானியக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, கையால் வேகத்தைச் சரிசெய்கிறார்.